பூல் ஹீட்டர் பில் எகிறினால் எங்கே தேடுவது: அறிகுறி வாரியாக

கனடாவில் மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் பக்கம் வீடு வாங்குகிற நம்மவர்கள் பலருக்குப் பின்வளவில் நீச்சல் பூலும் சேர்ந்தே வந்துவிடுகிறது. வீடு பார்க்கப் போன அன்று பிள்ளைகள் அதைக் கண்டதோடு பேரம் முடிந்துவிடும், மற்றக் கணக்கெல்லாம் ஜூன் மாத காஸ் பில்லோ ஹைட்ரோ (கரண்ட்) பில்லோ கைக்கு வந்த பிறகுதான். எங்கள் வீட்டிலும் அதே கதை. முதல் வருடம் பில்லைப் பார்த்துவிட்டு ஹீட்டர் பழசு, மாற்ற வேண்டும் என்று நானே முடிவு கட்டி, புதியதற்கு விலையும் கேட்டுவிட்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை முழுக்க அளந்து பார்த்ததில், ஹீட்டரில் ஒரு பிழையும் இல்லை, காசு போனது முழுக்கத் தண்ணீரின் மேற்பரப்பு வழியாக என்று தெரிந்தது. அதனால்தான் சொல்கிறேன், ஹீட்டரைத் திட்டுவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

இது ஒன்ராறியோவின் வெளிப்புற பூல்களை, அதாவது மே மாத நீண்ட வார இறுதியில் திறந்து செப்ரெம்பரிலோ நன்றி தெரிவித்தல் நாளை ஒட்டியோ மூடுகிறவற்றை மனதில் வைத்து எழுதியது. வேறு குளிர் ஊரில் இருந்தால் மாதங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்று இலக்கம்

இவை கையில் இல்லாமல் தேடினால் கடைசிவரை ஊகம்தான். இங்கே சாதாரணமாகக் காணும் 16க்கு 32 அடி பூலையே எடுத்துக்கொள்வோம். சராசரி ஆழம் ஏறக்குறைய 5 அடி என்றால் சுமார் 70,000 லீட்டர் தண்ணீர். ஆயிரம் லீட்டரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க 1.16 கிலோவாட் மணி வேண்டும். ஆக இந்தப் பூலை ஒரேயொரு டிகிரி ஏற்ற 81 கிலோவாட் மணி. இது எந்தக் கம்பனி ஹீட்டர் வைத்தாலும் மாறாது.

அதை பில்லில் வருகிற அளவாக மாற்றினால்: 80 சதவீதத் திறனுள்ள காஸ் ஹீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 9 முதல் 10 கன மீட்டர் காஸ். புரொப்பேன் என்றால் 14 லீட்டர் போல. ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற கரண்ட் கருவி) என்றால், அது ஒரு பங்கு கரண்ட் வாங்கி ஐந்து பங்கு சூடு கொடுக்கிற நல்ல நாளில், 16 கிலோவாட் மணி. குளிர் நாளில் அது மூன்று பங்குதான் கொடுக்கும், அப்போது 27 ஆகிவிடும். உங்கள் பில்லில் ஒரு கன மீட்டருக்கு, ஒரு கிலோவாட் மணிக்கு, விநியோகக் கட்டணமும் வரியும் சேர்த்து எத்தனை சதம் விழுகிறது என்று பார்த்துப் பெருக்குங்கள். உங்கள் வீட்டில் ஒரு டிகிரியின் விலை அதுதான். அதை ஒரு துண்டில் எழுதி பம்ப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், பிள்ளைகள் 'இன்னும் ரெண்டு டிகிரி கூட்டுங்கோ அப்பா' என்று வரும்போது காட்டலாம்.

அப்புறம் ஒரு இரவுச் சோதனை. இரவு 9 மணிக்கு ஹீட்டரை நிறுத்திவிட்டு, நூலில் கட்டிய சாதாரண வெப்பமானியை அரை மீட்டர் ஆழத்தில் விட்டுப் பாருங்கள். காலை 7 மணிக்கு அதே இடத்தில், அதே ஆழத்தில், அதே வெப்பமானியால் திரும்பப் பாருங்கள். ஒரு இரவு கவர் போட்டு, இன்னொரு இரவு கவர் இல்லாமல். அந்த இரண்டு எண்களும் கிடைத்த பிறகு கீழே உள்ளதில் உங்கள் அறிகுறி எது என்று தேடுங்கள்.

அறிகுறி: பகலில் 28 வருகிறது, காலையில் 25

கவர் போடாத பூலுக்கு இது வழமையான இறக்கம், பழுது ஒன்றும் இல்லை. ஆனால் பில்லின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது, அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே நிற்கப் போகிறேன்.

வெளிப்புற பூல் இழக்கிற வெப்பத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் ஆவியாதல் வழியாகப் போகிறது என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிற கணக்கு. சுவர் வழியாக மண்ணுக்குப் போவது சொற்பம். ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 0.67 கிலோவாட் மணி சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. நம் உதாரணப் பூலில் ஒரு மில்லிமீட்டர் மட்டம் ஆவியாகப் போனால் 48 லீட்டர், அதாவது 32 கிலோவாட் மணி, அதாவது பூல் முழுவதும் 0.4 டிகிரி குளிர்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கு! காற்றடிக்கிற வறண்ட இரவில் 5 மில்லிமீட்டர் போனால் இரண்டு டிகிரி. செப்ரெம்பர் காலையில் தேத்தண்ணீரோடு ஜன்னலால் பார்க்கும்போது பூலுக்கு மேலே வெள்ளையாகப் புகை எழும்புமே, பார்க்க அழகாகத்தான் இருக்கும், நேற்று நீங்கள் எரித்த காஸ் தான் அப்படி எழும்பிப் போகிறது.

திருத்தம் மலிவானது: குமிழ் உள்ள சோலார் கவர், குமிழ்ப் பக்கம் தண்ணீரைத் தொடுகிற மாதிரி. கவர் மட்டுமே வெப்பச் செலவை 50 முதல் 70 சதவீதம் வரை குறைக்கும் என்பதும் அதே துறையின் கணக்குத்தான். எங்கள் வீட்டில் கவர் இல்லாத இரவு இரண்டரை டிகிரி இறங்கியது, கவர் போட்ட இரவு ஒரு டிகிரிக்கும் குறைவு. புதிய ஹீட்டருக்குக் கேட்ட விலையோடு ஒப்பிட்டால் கவரின் விலை சிரிப்பு.

கவர் இருக்கிறது, ஆனாலும் இறங்குகிறது என்றால் இவற்றைப் பாருங்கள். விளிம்பில் ஒரு முழம் இடைவெளி விட்டு வெட்டியிருந்தால் அந்த இடைவெளியால் காற்று உள்ளே போய்விடும், விளிம்போடு ஒட்டி வெட்ட வேண்டும். பழைய கவரில் குமிழ்கள் வெடித்துத் தட்டையாகியிருந்தால் அதன் காப்பு போய்விட்டது என்று பொருள், ஆவியாதலை இன்னும் தடுக்கும், ஆனால் கவர் வழியாகச் சூடு கடத்தப்படுவதை அவ்வளவாகத் தடுக்காது. குளிர்காலத்துக்கு விரிக்கிற வலைக் கவரை வெப்பக் கவர் என்று நினைத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், வலையில் ஓட்டை இருக்கிறது, ஆவி தாராளமாகப் போகும். நீர்வீழ்ச்சி மாதிரியோ கரையிலிருந்து பாய்கிற தாரை மாதிரியோ ஏதாவது வைத்திருந்தால் விருந்தாளிகள் வரும்போது மட்டும் போடுங்கள், தண்ணீரைக் காற்றில் தூவுவதைப் போல அதைக் குளிர்விக்கிற வழி வேறில்லை. வடமேற்குக் காற்று நேராக வந்து விழுகிற திறந்த வளவு என்றால் வேலியோ சீடார் வரிசையோ நல்ல பலன் தரும், வளர்வதற்குத்தான் பொறுமை வேண்டும்.

கவரைத் தூக்கிச் சுருட்ட ஆள் வேண்டும் என்ற சோம்பலில் சிலர் திரவக் கவர் ஊற்றுகிறார்கள். மேலே மெல்லிய படலமாகப் பரவுகிற அல்ககோல் வகைத் திரவம் அது. காற்றில்லாத இரவில் ஓரளவு உதவும், காற்றடித்தால் படலம் கிழிந்துவிடும். ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை, அவ்வளவுதான். சுருட்டும் உருளை ஒன்று வாங்கினால் ஒரு ஆளே கவரை எடுக்கலாம்.

கவரோடு ஒரு எச்சரிக்கையும்: குளிக்கும்போது முழுவதையும் எடுங்கள். பாதி சுருட்டி மீதியின் கீழே பிள்ளைகள் நீந்தினால் தலை மேலே வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். குமிழ் கவர் மேல் யாரும் நிற்கவும் முடியாது, அது பாதுகாப்பு மூடி கிடையாது.

அறிகுறி: ஹீட்டர் நாள் முழுக்க ஓடுகிறது, வெப்பநிலை அசையவில்லை

திருத்துகிறவரைக் கூப்பிடுவதற்கு முன், அசைய வேண்டிய வேகம் என்ன என்று கணக்குப் பாருங்கள். 1,00,000 பிடியூ ஹீட் பம்ப் என்பது 29 கிலோவாட். ஒரு டிகிரிக்கு 81 தேவை. ஆக மணிக்கு 0.36 டிகிரி, அதுவும் இழப்பே இல்லாவிட்டால். மே மாதம் 14 டிகிரியில் திறந்து 28க்குக் கொண்டுபோக 40 மணி நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். அதோடு அந்த 1,00,000 என்பது வெளிக்காற்று 27 டிகிரியாகவும் ஈரப்பதம் 80 சதவீதமாகவும் இருக்கும்போது அளந்த எண், காற்று 10 டிகிரிக்கு இறங்கினால் அரைவாசியோ மூன்றில் இரண்டு பங்கோதான் கிடைக்கும். மே மாத இரவில் அது ஓடி ஓடி ஒன்றும் ஏறவில்லை என்றால் அதற்கு அவ்வளவுதான் பலம். 2,50,000 பிடியூ காஸ் ஹீட்டர் என்றால் உள்ளே போவது 73 கிலோவாட், தண்ணீருக்கு வருவது 60, மணிக்கு முக்கால் டிகிரி. சனிக்கிழமை பிறந்தநாள் விழாவுக்கு வெள்ளி இரவு ஞாபகம் வருகிறவர்களுக்கு காஸ் தான் பொருந்தும்.

கணக்கை விடவும் மெதுவாக ஏறினால் அப்புறம் பழுது தேடலாம். ஹீட்டருக்குள் போகிற பைப்பிலும் வெளியே வருகிற பைப்பிலும் வெப்பநிலை அளந்து வித்தியாசம் பாருங்கள். நிமிடத்துக்கு 150 லீட்டர் ஓடினால் மேலே சொன்ன ஹீட் பம்புக்கு வித்தியாசம் 3 டிகிரி கூட வராது, காஸுக்கு 5, 6 டிகிரி. இங்கே பலர் ஏமாறுவது எப்படியென்றால், ஹீட் பம்ப் தண்ணீர் வருகிற துளையில் கை வைத்துவிட்டு 'சூடாகவே இல்லையே, பழுது' என்கிறார்கள். அது வெதுவெதுப்பாகக்கூடத் தெரியாதுதான், பூலில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரைவிட 3 டிகிரிதானே கூட. அதற்கு எதிர்மாறாக, சுடச்சுடத் தண்ணீர் வந்தால் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுகிறார்கள், உண்மையில் நீரோட்டம் குறைந்துவிட்டது, பில்டர் அடைத்திருக்கிறது.

வித்தியாசமே இல்லை என்றால், ஹீட்டரைச் சுற்றிப் போகிற பைபாஸ் வால்வைப் பாருங்கள். பூல் திறக்க வந்த ஆட்கள் குளிர்கால நிலையிலேயே அதை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். எங்கள் வளவில் ஒரு மே மாதம் இரண்டு கிழமை அப்படித்தான் போனது. தண்ணீரில் பெரும்பகுதி ஹீட்டரைத் தொடாமலே சுற்றிக்கொண்டிருந்தது, வால்வின் கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பியதோடு சரி.

அறிகுறி: ஹீட்டர் எரிகிறது, அணைகிறது, திரும்ப எரிகிறது

பத்தில் பெரும்பாலான நேரம் நீரோட்டம்தான். தண்ணீர் போதாவிட்டால் அழுத்த சுவிட்ச் அணைத்துவிடும், அல்லது உள்ளே அதிகம் சூடேறிப் பாதுகாப்பு எல்லை அணைத்துவிடும். வரிசையாகப் போங்கள்: ஸ்கிம்மர் (மேலே மிதக்கிற குப்பையை இழுக்கும் சுவர் வாய்) கூடை, பம்ப் கூடை, பில்டர். மணல் பில்டரின் அழுத்தமானி, சுத்தமாக இருக்கும்போது காட்டுவதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ கூடக் காட்டினால் பின்னோட்டமாகக் கழுவுங்கள். வேகம் மாற்றுகிற பம்ப் வைத்திருப்பவர்கள் கரண்ட் மிச்சம் பிடிக்க வேகத்தை மிகக் குறைத்து வைத்திருப்பார்கள், ஹீட்டர் எரியும் நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடும். தண்ணீர் மட்டம் ஸ்கிம்மர் வாயின் பாதிக்குக் கீழே போயிருந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும், அதையும் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் காஸ் ஹீட்டர் தடுமாறினால், சுவாலை மஞ்சளாக ஆடினால், காஸ் மணந்தால், கையை எடுத்துவிடுங்கள். ஒன்ராறியோவில் காஸ் வேலை செய்ய டிஎஸ்எஸ்ஏ என்ற மாகாணப் பாதுகாப்பு அமைப்பில் பதிந்த ஒப்பந்தக்காரர் வேண்டும். 'எனக்குத் தெரிந்த பெடியன் ஒருத்தன் செய்வான்' என்பது சமையலறை அலுமாரிக்குச் சரி, காஸ் பைப்புக்குச் சரிவராது. ஒன்று மட்டும் அவரிடம் கேளுங்கள்: வீட்டைச் சூடாக்குகிற உலை, அடுப்பு எல்லாம் எரியும்போது பூல் ஹீட்டருக்கு அழுத்தம் போதுமா என்று. தெருவிலிருந்து வருகிற பைப்பின் அளவைப் பார்க்காமல் பெரிய ஹீட்டர் பூட்டியிருந்தால் அது ஒருநாளும் முழுப் பலத்தில் எரியாது.

அறிகுறி: ஹீட் பம்புக்குக் கீழே குளம்

கசிவு என்று பதறாதீர்கள். குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் படிந்து சொட்டுவது இயல்பு, ஈரமான ஜூலை நாளில் வாளிக்கணக்கில் வரும். குளோரின் பார்க்கிற தாளை அந்தத் தண்ணீரில் நனையுங்கள். குளோரின் இல்லையென்றால் காற்றின் தண்ணீர், இருந்தால் பூலின் தண்ணீர், அப்போதுதான் கவலை.

சுருளில் பனி படிந்தால் வெளியே 10 டிகிரியைச் சுற்றி இருக்கிறதா என்று பாருங்கள், அப்படியென்றால் அது தானே உருக்கிக்கொள்ளும், இரவில் ஓட விடாமல் பகலுக்கு மாற்றுங்கள். 25 டிகிரி வெயிலில் பனி படிந்தால் காற்று போகவில்லை அல்லது குளிரூட்டி வாயு குறைந்துவிட்டது. முதலாவதை நீங்களே பார்க்கலாம்: இலை, பொப்லர் பஞ்சு, சுவரோடு நெருக்கி வைத்தது, அசிங்கமாக இருக்கிறது என்று சுற்றிவர அடைத்த மரத்தட்டி. அடைத்து வைத்தால் அது தான் விட்ட குளிர்காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

அறிகுறி: ஹீட்டர் திரையில் 31, தண்ணீரில் கால் வைத்தால் குளிர்

உணரி இருப்பது பைப்புக்குள். பம்ப் நின்றிருந்தால் வெயிலில் சூடான பைப்புத் தண்ணீரைத்தான் அது காட்டுகிறது. பம்பைப் பதினைந்து நிமிடம் ஓட விட்ட பிறகு பாருங்கள். அப்போதும் நூலில் கட்டிய வெப்பமானியோடு ஒத்துப்போகாவிட்டால் உணரியை மாற்ற வேண்டும். ஒரு டிகிரி குறைத்துக் காட்டுகிற உணரி நீங்கள் கேட்காத ஒரு டிகிரியைத் தினமும் உங்கள் காசில் சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

அறிகுறி: மட்டம் இறங்குகிறது, பில் ஏறுகிறது

வாளிச் சோதனை. ஒரு வாளியில் பூல் தண்ணீரையே நிரப்பி இரண்டாவது படியில் வைத்து, வாளிக்குள் மட்டத்தையும் வெளியே பூல் மட்டத்தையும் கோடு போட்டு, கவர் இல்லாமல் ஒருநாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் ஆவி. பூல் கூட இறங்கினால் கசிவு.

இதில் எனக்கே ஆச்சரியமாக இருந்த கணக்கு ஒன்று: ஒருநாளில் 10 மில்லிமீட்டர் கசிந்து, அதற்குப் பதிலாக 12 டிகிரிக் குழாய்த் தண்ணீர் விட்டால் 28 டிகிரிப் பூல் குளிர்வது 0.1 டிகிரிதான். அதே 10 மில்லிமீட்டர் ஆவியாகப் போனால் 4 டிகிரி. ஆக கசிவைத் திருத்துங்கள், தண்ணீர்க் காசும் மருந்துக் காசும் மிஞ்சும், நிலமும் அரிக்காது. ஆனால் ஹீட்டர் பில் அதனால் பாதியாகும் என்று யாராவது சொல்லி வேலை பிடிக்க வந்தால் நம்பாதீர்கள்.

அறிகுறி: காஸ் ஹீட்டர்தான், ஆனால் ஹைட்ரோ பில் எகிறுகிறது

ஹீட்டரை விட்டுவிட்டு பம்பைப் பாருங்கள். ஒரே வேகத்தில் ஓடுகிற பழைய ஒன்றரைக் குதிரைவலுப் பம்ப் ஒன்றரைக் கிலோவாட் இழுத்தால் 24 மணி நேரத்தில் 36 கிலோவாட் மணி, மாதத்துக்கு ஆயிரத்துக்கும் மேல். வேகத்தைப் பாதியாக்கினால் இழுக்கிற வலு எட்டில் ஒன்றாகும் என்பது பம்புகளின் பொது விதி. அதே தண்ணீரைச் சுற்ற இரண்டு மடங்கு நேரம் ஓடினாலும் கால்வாசிச் செலவுதான். நடைமுறையில் அவ்வளவு துல்லியமாக வராது, ஆனாலும் வித்தியாசம் பில்லில் தெரியும்.

ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அது நன்றாக வேலை செய்வது வெக்கையான மத்தியானம். ஆனால் நேர அடிப்படைக் கட்டணத்தில் மே 1 முதல் ஒக்ரோபர் 31 வரை வேலைநாட்களில் காலை 11 முதல் மாலை 5 வரைதான் உச்ச விலை. சனி, ஞாயிறு முழுக்க மலிவு, வேலைநாளில் இரவு 7க்குப் பிறகு மலிவு. நான் செய்வது: சனி ஞாயிறு பகல் முழுக்க ஓட விட்டு ஏற்றிக்கொள்வேன், கிழமை நாளில் மாலை 7 முதல் பத்தரை வரை, காற்று இன்னும் சூடாக இருக்கும் நேரத்தில், இறங்கியதை மட்டும் நிரப்புவேன், பிறகு கவர். அதி மலிவு இரவுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவு, ஆனால் வேலைநாட்களில் மாலை 4 முதல் 9 வரை தொட முடியாத விலை, அந்த நேரத்தில் ஹீட் பம்ப் தானாக எரியாதபடி டைமர் போடுங்கள்.

அறிகுறி: போன வருடத்தோடு ஒப்பிட்டால் ஒன்றும் ஒத்துவரவில்லை

டொலரை ஒப்பிடாதீர்கள், கன மீட்டரை ஒப்பிடுங்கள். மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோர் மீதான காபன் கட்டணத்தை எடுத்துவிட்டது, அதனால் அதற்கு முந்திய காஸ் பில்லையும் பிந்தியதையும் டொலரில் வைத்துப் பார்த்தால் பூல் குறைவாகச் சாப்பிட்ட மாதிரி ஒரு மயக்கம் வரும். அளவீடு உண்மையாக வாசித்ததா, மதிப்பிட்டதா என்றும் பில்லில் பாருங்கள். ஒரு மாதம் குறைத்து மதிப்பிட்டால் அடுத்த மாதம் சேர்ந்து விழும். அடுப்புக்கும் சுடுதண்ணீருக்கும் போகிற காஸை, பூல் திறக்காத ஆனால் வீட்டு உலையும் எரியாத ஒரு மாதத்தை வைத்துக் கழித்துவிடுங்கள். அப்படி ஒரு மாதமே இந்த ஊரில் இல்லையென்றால், ஓகஸ்டில் ஒரு கிழமை ஹீட்டரை நிறுத்திவிட்டு மீற்றரை வாசியுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, இன்னும் கூடவே வருகிறது

அப்படியென்றால் எத்தனையில் வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். உலக நீச்சல் போட்டிகளுக்கான தண்ணீர் 25 முதல் 28 டிகிரி. நம் வீடுகளில் 31. மாமி வந்து காலை நனைத்துவிட்டு 'ஐயோ குளிருது' என்று சொன்ன ஒரு நாளுக்காக மாதம் முழுக்க 31 போகும், அந்த மாமி பிறகு இறங்கவே மாட்டார். வெளிக்காற்று சராசரி 18 டிகிரி என்றால், 28 இலிருந்து 31க்கு ஏற்றினால் இழப்பு ஏறக்குறைய 30 சதவீதம் கூடும். டிகிரிக்குப் பத்து வீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

'அணைத்து அணைத்துப் போட்டால்தான் கூடச் செலவு, அப்படியே விட்டால் மலிவு' என்று கோயிலில் கண்ட ஒரு அண்ணை எனக்கு அடித்துச் சொன்னார். பிழை. தண்ணீர் குளிர்ந்திருக்கும் நேரமெல்லாம் இழப்பு குறைவு, திரும்ப ஏற்றச் செலவாவது அந்த இடைவெளியில் இழந்ததை விடக் கூட இருக்காது. ஒரு கிழமை கொட்டேஜுக்குப் போகிறீர்கள் என்றால் அணைத்துவிட்டு, கவர் போட்டுவிட்டுப் போங்கள். இரண்டே நாள் இடைவெளி என்றால் மிச்சம் சின்னது, ஹீட் பம்ப் திரும்ப ஏற்ற எடுக்கும் நேரத்தையும் யோசித்து உங்கள் வசதிப்படி செய்யுங்கள்.

ஜூன், ஜூலையில் இன்னொன்று. நல்ல வெயில் நாளில் இந்தப் பூல் மேல் விழுகிற வெயில் இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றப் போதுமானது. அந்த நாட்களில் காலையிலேயே ஹீட்டர் எரிந்து 28ஐத் தொட்டுவிட்டால் மத்தியானம் வெயில் தருவது உங்களுக்குத் தேவையில்லாத 30 ஆகிப் போகும். பின்னேரம் வரை ஹீட்டரைத் தடுத்து வையுங்கள், வெயில் முதலில் போடட்டும்.

கூரையில் சோலார் தகடு வைத்தவர்களுக்கு ஒரே வரி: இரவில் பூல் வழக்கத்தை விட வேகமாகக் குளிர்ந்தால், ஒருவழி வால்வோ தானியங்கி வால்வோ சிக்கி, தண்ணீர் இரவிலும் கூரைக்கு ஏறி வானத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு இறங்குகிறது. இரவு 10 மணிக்கு கூரைக்குப் போகும் பைப்பைத் தொட்டுப் பாருங்கள்.

அறிகுறி: தண்ணீரில் மெல்லிய பச்சை, படிகளில் நீலக் கறை

பாசி என்று மருந்தைக் கொட்டுவதற்கு முன் பிஎச் பாருங்கள். 7.2க்குக் கீழே நீண்ட நாள் கிடந்தால் தண்ணீர் ஹீட்டருக்குள் இருக்கும் செம்பைத் தின்கிறது, அந்தச் செம்புதான் கறையாக வருகிறது. 7.8க்கு மேலே போனால் எதிர்மாறு, சுண்ணாம்பு படிந்து சூடு கடத்துவது குறையும், பில் மெதுமெதுவாக ஏறும். குளோரின் குளிசைகளை ஸ்கிம்மர் கூடைக்குள் போடுகிற பழக்கம் நம்மிடம் நிறைய. பம்ப் நின்ற நேரத்தில் அங்கே தேங்குகிற அமிலத் தண்ணீர், பம்ப் தொடங்கியதும் நேரே ஹீட்டருக்குள்தான் போகும். மிதக்கும் பாத்திரத்தில் போடுங்கள், அல்லது ஹீட்டருக்குப் பிறகு வருகிற குளோரினேற்றி வையுங்கள், இடையில் ஒருவழி வால்வோடு.

அறிகுறி: மே மாதம் திறந்ததும் ஹீட்டரிலிருந்து தண்ணீர் பீறிடுகிறது

இது போன ஒக்ரோபரில் நடந்த பிழை. உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து, தண்ணீருக்குச் சூட்டைக் கொடுக்கிற வெப்பப் பரிமாற்றியை வெடிக்க வைத்துவிட்டது, இனித் திருத்தும் செலவு புதியதற்குக் கிட்ட வரும். மூடும்போது ஹீட்டர், பம்ப், பில்டர் மூன்றின் வடிகால் பிளக்குகளையும் கழற்றி, பைப்புகளைக் காற்றால் ஊதி வெறுமையாக்க வேண்டும், ஆள் பிடித்துச் செய்வித்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். செப்ரெம்பர் நடுப்பகுதியில் இரவு 8 டிகிரிக்குப் போகத் தொடங்கி, பிள்ளைகளும் கிழமைக்கு ஒருநாள்தான் இறங்குகிறார்கள் என்றால், அந்த ஒருநாளின் விலையை பம்பில் ஒட்டிய துண்டை வைத்துப் பெருக்கிப் பார்த்து மூடுகிற திகதியை முடிவு செய்யுங்கள். கழற்றிய பிளக்குகளை பம்பின் கூடைக்குள்ளேயே போட்டு மூடிவிடுங்கள், கராஜில் எங்காவது வைத்தால் மே மாதம் கிடைக்காது.